ஸ்பிரிங் எத்தனை பவுண்டு: ஷாட் ஷோவுக்கு எட்டு தடவை போயிட்டு வந்த அனுபவம்

2017 ஜனவரி, லாஸ் வேகாஸ், துப்பாக்கித் தொழிலுக்கான ஷாட் ஷோங்கற கண்காட்சி. நான் பூத்ல நின்ன முதல் நாள், ஹால் திறந்து அரை மணி நேரம் கூட ஆகல, ஒருத்தர் வந்து நாங்க டேபிள்ல அடுக்கி வெச்சிருந்த ஸ்பிரிங்ல ஒண்ண எடுத்து விரல்ல அமுக்கிப் பாத்தார், அப்புறம் என்னைத் தாண்டி பின்னாடி எட்டிப் பாத்து “இதப் பத்தி டெக்னிக்கலா பேச யாராவது இருக்காங்களா”ன்னு கேட்டார். அந்த ஸ்பிரிங்கோட கம்பி விட்டம், எத்தனை சுத்து, எத்தனை ஆயிரம் தடவை அமுக்குனா எவ்வளவு தளரும், அத்தனையும் நான் டெஸ்ட் பண்ணி நானே எழுதுனது. நான் தான் பேசணும், கேளுங்கன்னேன். “இல்ல, நான் கேக்கறது இன்ஜினியர்”ன்னார். எங்க ஓனர் பின்னாடி நாற்காலில உக்காந்திருந்தவரு எந்திரிச்சு வந்து, “எனக்கு சந்தேகம் வந்தா நானே இவங்களத்தான் கேப்பேன்”னு ஒரே வரில சொல்லிட்டு திரும்பப் போய் உக்காந்துட்டாரு. அவர் அப்படி போய் உக்காந்தது தான் முக்கியம், அங்கயே நின்னு அவரே பதில் சொல்லியிருந்தா அந்த நாலு நாளும் எல்லாரும் அவரைத்தான் தேடியிருப்பாங்க.

அதுல இருந்து 2025 வரைக்கும் எட்டு தடவை போயிட்டேன், 2021ல கொரோனாவால ஷோ நடக்கல. துப்பாக்கித் தொழில்ல பொம்பளைங்க எண்ணிக்கை கூடுதுன்னு எல்லாரும் பேசுறாங்க, நிஜம் தான், கண்ணால பாக்கறேன். ஆனா எந்த இடத்துல கூடுது, அதனால என்ன மாறுச்சு, இந்தத் தொழிலுக்கோ இந்த மாதிரி ஷோவுக்கோ வர நினைக்கிற நம்ம பொண்ணுங்க என்ன தெரிஞ்சு வெச்சிருக்கணும், இதைத் தமிழ்ல யாரும் எழுதி நான் பாக்கல. அதான் உக்காந்து எழுதுறேன்.

முதல்ல நான் எப்படி இங்க வந்தேன்னு சொல்லிடறேன். அப்பாவுக்கு கோயமுத்தூர் ஆவாரம்பாளையத்துல லேத் பட்டறை, மோட்டார் பம்புக்கு ஷாஃப்ட் கடையறது தான் முக்கிய வேலை. ஸ்கூல் விட்டு வந்தா பட்டறைல தான் இருப்பேன், வெர்னியர் பிடிக்க எட்டு வயசுலயே கத்துக் குடுத்துட்டாரு. துப்பாக்கின்னா ஊர்ல எங்களுக்குத் தெரிஞ்சது பேங்க் வாட்ச்மேன் தோள்ல தொங்கற டபுள் பேரல் மட்டும் தான். மெக்கானிக்கல் முடிச்சு, மேல படிக்க அமெரிக்கா வந்து, பத்து வருஷம் கார் பார்ட்ஸ் கம்பெனில குவாலிட்டி வேலை பாத்தேன். அப்புறம் அரிசோனால ஒரு சின்ன கம்பெனி, மொத்தம் முப்பது பேரு கூட இல்ல, துப்பாக்கி கம்பெனிகளுக்கு ஸ்பிரிங்கும் சின்னச் சின்ன பார்ட்ஸும் பண்றவங்க, ஆள் தேடுனாங்க. வீட்டுக்குப் பக்கம், சம்பளம் பரவால்ல, வேலை எனக்குத் தெரிஞ்ச வேலை. அவ்வளவு தான் காரணம், பெரிய லட்சியம்லாம் அப்ப கிடையாது.

இந்த இடத்துல நம்ம ஆளுங்களுக்கு ரொம்ப முக்கியமான ஒண்ணு. நான் அந்த வேலைல சேர்ந்தது கிரீன் கார்டு கைக்கு வந்ததுக்கு அப்புறம் தான். அதுக்கு முன்னாடி ஹெச்-1பில இருக்கறப்ப சேர்றது அவ்வளவு சுலபம் இல்ல, ஏன்னா துப்பாக்கியோட டிராயிங், ஸ்பெக் இதையெல்லாம் அமெரிக்காவுக்குள்ளயே ஒரு வெளிநாட்டுக்காரருக்குக் காட்டுனாலும் சட்டத்துக்கு அது ஏற்றுமதி மாதிரி தான், கம்பெனி அதுக்குத் தனியா லைசென்ஸ் வாங்க வேண்டி வரும், சின்ன கம்பெனிங்க அந்தத் தொல்லைக்கே வர மாட்டாங்க. இன்னொண்ணு இதைவிட பெரிசு: ஹெச்-1பி, எஃப்-1, எல்-1 மாதிரி விசால இருக்கறவங்க துப்பாக்கியையோ குண்டையோ கைல வெச்சிருக்கறதே ஃபெடரல் சட்டப்படி குத்தம். சொந்தமா வாங்குனா மட்டும் தான்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அப்படி இல்ல, வேகாஸ் டூர் போன இடத்துல ரேஞ்சுல வாடகைக்கு எடுத்து நாலு குண்டு சுட்டு போட்டோ போடறாங்களே அதுவும் இதுல வரும். விதிவிலக்குன்னு சிலது இருக்கு, ஏதாவது ஒரு ஸ்டேட்டோட செல்லுபடியாகுற வேட்டை லைசென்ஸ் கைல இருக்கறது அதுல முக்கியமானது. உங்க நிலைமைக்கு எது பொருந்தும்னு வக்கீல்கிட்ட கேட்டுட்டு செய்ங்க, கிரீன் கார்டுக்குக் காத்திருக்கிறப்ப ஒரு போட்டோவுக்காக அதைப் பணயம் வைக்காதீங்க. என் தோழி ஒருத்தி ஆபீஸ் டீம் அவுட்டிங்னு ரேஞ்சுக்குப் போக இருந்தா, முந்தின நாள் ராத்திரி எதேச்சையா என்கிட்ட சொன்னதால நின்னா.

சரி, ஷோவுக்கு வர்றேன். ஷாட் ஷோ முதல்ல நடந்தது 1979ல செயின்ட் லூயிஸ்ல, 2010ல இருந்து வருஷா வருஷம் ஜனவரில வேகாஸ்ல தான். நேஷனல் ஷூட்டிங் ஸ்போர்ட்ஸ் ஃபவுண்டேஷன்ங்கற இந்தத் தொழிலோட சங்கம் நடத்துது. பொதுமக்களுக்கு அனுமதி கிடையாது, தொழில்ல இருக்கீங்கன்னு நிரூபிச்சா தான் பேட்ஜ், 16 வயசுக்குக் கீழ யாரையும் விட மாட்டாங்க, கைக்குழந்தையா இருந்தாலும் தான், அதனால குழந்தை வெச்சிருக்கறவங்க பாத்துக்க ஆள் ஏற்பாடு பண்ணிட்டு தான் வரணும். காட்சிக்கு வெச்சிருக்கற துப்பாக்கில ஃபயரிங் பின்னை, அதாவது குண்டைத் தட்டி வெடிக்க வைக்கிற ஊசியை, எடுத்துடுவாங்க, சுட முடியாது, அதை செக் பண்றதுக்குன்னே ஆளுங்க வருவாங்க. ஐம்பதாயிரத்துக்கும் மேல ஆளுங்க வர்ற இடம். வெனிஷியன் பக்கத்துல இருக்கற ஹால் பத்தாம 2022ல இருந்து சீசர்ஸ் ஃபோரம்லயும் நடக்குது.

முதல் வருஷம் நான் பாத்த பொம்பளைங்க பெரும்பாலும் ரெண்டு மூணு இடத்துல தான் இருந்தாங்க. பேட்ஜ் ஸ்கேன் பண்ற இடம், போஸ்டர், அப்புறம் சில பூத்ல டைட்டா டிரெஸ் போட்டு போட்டோவுக்கு நிக்க வெச்சிருந்த பொண்ணுங்க. அந்தப் பொண்ணுங்க மேல எனக்கு ஒரு குறையும் இல்ல, அவங்களுக்கு அது வேலை, நாள் பூரா ஹீல்ஸ்ல நின்னு கால் வீங்கி சாயங்காலம் எங்க பூத்துக்குப் பின்னாடி கார்பெட்ல உக்காந்திருந்த ஒரு பொண்ணுக்கு நான் என்கிட்ட இருந்த செருப்பக் குடுத்தேன். எனக்கு உறுத்துனது வேற. பேசுற இடத்துல, விலை பேசுற இடத்துல, டிராயிங் விரிச்சு வெச்சிருக்கற இடத்துல பாத்தா நாங்க விரல் விட்டு எண்ற அளவுல தான் இருந்தோம்.

பொம்பளைங்க இந்தத் தொழிலுக்குப் புதுசுன்னு சொல்றவங்ககிட்ட நான் இப்ப சண்டைக்கே போவேன். ரெண்டாவது வருஷம் ஒஹாயோல துப்பாக்கிக் கடை வெச்சிருக்கற ஒரு வயசான அம்மா, புருஷன் போனதுக்கப்புறம் இருபது வருஷமா தனியா கடை நடத்தறவங்க, பூத்ல உக்காந்து எனக்குப் பாடமே எடுத்தாங்க. சாமுவேல் கோல்ட் 1862ல செத்தப்ப அந்தக் கம்பெனில பெரும்பங்கு அவர் சம்சாரம் எலிசபெத் கைக்கு வந்துச்சு, ரெண்டே வருஷத்துல ஃபேக்டரி தீப்பிடிச்சு எரிஞ்சது, திரும்பக் கட்டுனாங்க, 1901ல விக்கிற வரைக்கும் அது அவங்க கைல தான் இருந்துச்சு. கடைக்கார அம்மா ஊருக்குப் பக்கத்து டார்க் கவுண்டில பொறந்த ஆனி ஓக்லி, சின்ன வயசுல வேட்டையாடி குடும்பத்துக்கு சோறு போட்டவங்க, 1898ல பிரசிடென்ட் மெக்கின்லிக்கு லெட்டரே எழுதியிருக்காங்க, போர் வந்தா குறி தவறாத 50 பொம்பளைங்களோட நான் வரத் தயார்னு. விளையாட்டுலயும் அப்படித்தான். 1976 மாண்ட்ரியல்ல மார்கரெட் மர்டாக் ரைஃபிள் போட்டில ஆம்பளைங்களோட மோதி முதல் இடத்துக்கு சமமான பாயின்ட் எடுத்தாங்க, டை பிரேக்ல லேனி பாஷமுக்கு கோல்டு போச்சு, அவரு தேசிய கீதம் பாடறப்ப மர்டாக்கைக் கை பிடிச்சு தன்னோட படிக்கு மேல ஏத்தி நிறுத்திக்கிட்டாரு. 1992 பார்சிலோனால ஆம்பளை பொம்பளை எல்லாருக்கும் பொதுவான ஸ்கீட் போட்டில, அதாவது பறக்கற களிமண் தட்டை ஷாட்கன்னால சுடற போட்டில, சீனாவோட சாங் ஷான் கோல்டு அடிச்சாங்க. அடுத்த ஒலிம்பிக்ஸ்ல பொம்பளைங்களுக்கு ஸ்கீட்டே இல்ல, 2000ல தான் தனிப் பிரிவா வந்துச்சு. இதைக் கேட்டப்ப எனக்கு வயிறு எரிஞ்சது, இப்ப எழுதறப்பவும் எரியுது. அமெரிக்காவோட கிம் ரோட் 1996ல இருந்து 2016 வரைக்கும் தொடர்ந்து ஆறு ஒலிம்பிக்ஸ்ல மெடல் வாங்கியிருக்காங்க, நடுவுல அவங்க ஈவென்ட்டான, ஒரே நேரத்துல ரெண்டு தட்டு பறக்கற டபுள் ட்ராப்பையே 2004க்கு அப்புறம் எடுத்துட்டாங்க, அப்பவும் ஸ்கீட்டுக்கு மாறி வாங்குனாங்க.

இப்ப என் வேலை சம்பந்தப்பட்ட விஷயத்துக்கு வர்றேன், எனக்கு மனசு முழுக்க இருக்கறது இதுல தான்.

பொம்பளைங்களுக்கான துப்பாக்கின்னா ரொம்ப நாளா என்ன பண்ணாங்கன்னா இருக்கறதையே சின்னதாக்கி பிங்க் பெயின்ட் அடிச்சாங்க. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1989ல லேடிஸ்மித்னு ரிவால்வர் கொண்டு வந்தாங்க, அது கொஞ்சம் யோசிச்சுப் பண்ணது, சின்னக் கைக்கான பிடியெல்லாம் இருந்துச்சு. ஆனா மார்க்கெட்ல பொதுவா கலர் தான் மாறுச்சு. கடைக்குப் போற பொண்ணுக்கு கவுன்ட்டர்ல இருக்கறவர் எடுத்துக் காட்டுனது எப்பவும் ஒரு குட்டி பிஸ்டல், இல்லன்னா குட்டி ரிவால்வர். சின்னக் கைக்கு சின்னத் துப்பாக்கின்னு கேக்க நல்லாத்தான் இருக்கும், இன்ஜினியரிங் படி அது தலைகீழ். பிஸ்டல் சின்னதாக ஆக ஸ்லைடோட, அதாவது மேல முன்னும் பின்னும் நகர்ற பாகத்தோட, எடை குறையும், அது பின்னாடி போற தூரமும் குறையும், அப்ப அதே குண்டோட வேகத்தைத் தாங்கி நிறுத்தணும்னா ஸ்பிரிங் கெட்டியா இருந்தாகணும். அதனால முதல் குண்டை ஏத்த ஸ்லைடை இழுக்கறது கஷ்டமாகும். எடை கம்மிங்கறதால உதைக்கறதும் அதிகம். குட்டி ரிவால்வர்ல ஸ்லைடு இல்ல சரி, ஆனா ஒவ்வொரு தடவையும் டிரிகரை நீளமா, பத்து பன்னெண்டு பவுண்டு அழுத்தி இழுக்கணும், விரல் வலு கம்மியா இருக்கறவங்களுக்கு குறி ஆடிடும். புதுசா வர்றவங்களுக்கு இது ரெண்டுமே சரி வராது, அதைத்தான் அவங்க கைல குடுத்து, ஒரு தடவை சுட்டு பயந்து போய் அப்படியே டிராயர்ல போட்டுட்டுப் போறாங்க.

எங்க ஷாப்ல ஃபோர்ஸ் கேஜ் ஒண்ணு இருக்கு, இழுக்கற விசையை அளக்கறது. 2018ல நான் அதை ஷோவுக்கே தூக்கிட்டு போனேன். எங்க ஸ்பிரிங் போட்டு, ஸ்லைடை மட்டும் இழுத்துப் பாக்கற மாதிரி ஒரு ஜிக் பண்ணி டேபிள்ல திருகி வெச்சு, வர்றவங்கள இழுக்கச் சொன்னேன். சின்ன 9 எம்எம்ல இருக்கற மாதிரி செட் பண்ணா 20 பவுண்டைத் தொடும், மேலயும் போகும். ஆம்பளைங்க வந்து இழுத்துட்டு இதுல என்ன இருக்குன்னு போவாங்க. கடைக்கார அம்மா மாதிரி அறுபது வயசுக்காரங்க, ஆர்த்ரைட்டிஸ் இருக்கறவங்க, அவங்க ஆம்பளைங்களா இருந்தாலும் சரி, 15லயே மூஞ்சி சுளிப்பாங்க. நான் ஒரு நோட்ல எழுதிக்கிட்டே வந்தேன், வயசு, கை அளவு, எந்த பவுண்டுல நின்னாங்கன்னு. நாலு நாள்ல நோட்டு பாதி ரொம்பிருச்சு. அந்த நோட்ட வெச்சு தான் எங்க கஸ்டமர் கம்பெனி ஒண்ணோட இன்ஜினியர்கிட்ட பேசுனேன், இழுக்கற விசையை நீங்க டிராயிங்லயே போடறதில்லயே ஏன்னு. அவர் ரொம்ப நேர்மையா சொன்னார், “யாரும் கேட்டதில்ல.”

அந்த வருஷம் தான் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் .380ங்கற குண்டு ரகத்துல ஷீல்டு ஈஸின்னு விட்டாங்க, சுலபமா ஸ்லைடு இழுக்கற மாதிரியே முழுசா யோசிச்சு பண்ண பிஸ்டல். .380 குண்டோட வேகம் 9 எம்எம்மை விட கம்மி, அதுக்கு ஏத்த மாதிரி ஸ்பிரிங்கையும் தளர்த்தலாம். 2022ல வால்தர் கம்பெனி பிடிபி எஃப்-னு கொண்டு வந்தது இன்னும் ஒரு படி மேல, பொம்பளைங்க கையை மனசுல வெச்சு பிடியோட சுத்தளவு, டிரிகருக்கு விரல் எட்டற தூரம் எல்லாத்தையும் மாத்தி, ஸ்லைடு இழுக்கற விசையையும் 20% குறைச்சாங்க, கலர்ல கை வெக்கல. ஷாட்கன்ல சைரன்ங்கற பிராண்டு பொம்பளைங்க உடம்பு வாகுக்குன்னே ஸ்டாக், அதாவது தோள்ல வைக்கிற பின்கட்டை, பண்றாங்க. ஷாட்கன் வாங்கறவங்க ஒண்ணு கவனிங்க, பின்கட்டையோட கடைசி முனையில இருந்து டிரிகர் வரைக்கும் இருக்கற நீளம் சாதாரணமா 14 இன்ச், 14 சொச்சம்னு வரும், நம்ம உயரத்துக்கு அது நீளம், தோள்ல சரியா ஒக்காராம கை எலும்பு மேல போய் உதைக்கும். நீளத்தை மட்டும் அறுத்துக் குறைச்சா போதாது, கழுத்து நீளமா இருக்கறவங்களுக்கு கன்னம் வைக்கிற மேடு உயரணும், நெஞ்சு பக்கம் படற கோணமும் மாறணும். எனக்கு ரெண்டு வருஷம் கன்னத்துல தடம் விழுந்துட்டே இருந்துச்சு, என் நிக்கற பழக்கம் தான் தப்புன்னு நினைச்சிட்டிருந்தேன். ஸ்டாக் ஃபிட் பண்றவர் ஒருத்தர் பாத்துட்டு பத்து நிமிஷத்துல சரி பண்ணார்.

ஸ்லைடு இழுக்கறதுல பழக்கமும் பாதி. துப்பாக்கி காலியான்னு பாத்துட்டு, முனை பாதுகாப்பான பக்கம் மட்டும் இருக்கற மாதிரி, விரலை டிரிகர்ல வைக்காம, நெஞ்சுக்குப் பக்கத்துல கொண்டு வாங்க. கையை நீட்டிக்கிட்டு ரெண்டு விரல் நுனியால கிள்ளி இழுத்தா யாருக்கும் வராது. உள்ளங்கை முழுசா ஸ்லைடு மேல படியற மாதிரி மேல இருந்து பிடிச்சு, ஸ்லைடை இழுக்கறதுக்கு பதிலா பிடி இருக்கற கையை முன்னாடி தள்ளுங்க. அம்மிக்கல்ல அரைக்கிறப்ப தோள்ல இருந்து தள்ளுவோம்ல அதே தான். முனை பக்கவாட்டுல திரும்பாம பாத்துக்கோங்க, இந்த அசைவுல நிறைய பேருக்கு முனை இடது பக்கம் இருக்கறவங்க மேல போயிடும்.

ஷோவுக்கு முந்தின திங்கக்கிழமை போல்டர் சிட்டி பக்கத்துல பாலைவனத்துல ரேஞ்ச் டே நடக்கும், அங்க தான் நிஜமா சுட்டுப் பாக்கறது. வேகாஸ்னா சூடுன்னு நினைச்சு முதல் வருஷம் மெல்லிசா ஒரு ஸ்வெட்டரோட போனேன், ஜனவரி காலைல காத்து எலும்புக்குள்ள போகுது. கழுத்து மூடின சட்டை போடுங்க, வி நெக் வேண்டவே வேண்டாம், பக்கத்துல சுடறவரோட சூடான காலி தோட்டா உள்ள விழுந்தா நீங்க துள்ளுவீங்க, உங்க கைல அப்ப துப்பாக்கி இருக்கும், ஆபத்தே அது தான். தொப்பியும் போட்டுக்கோங்க, கண்ணாடிக்கும் நெத்திக்கும் நடுவுல விழாது. காதுக்குள்ள பிளக், அதுக்கு மேல ஹெட்ஃபோன் மாதிரி காதை மூடற மஃப், ரெண்டும் சேத்து. துப்பாக்கி சத்தம் 140 டெசிபலுக்கு மேல, ஒரே தடவைலயே கேக்குற சக்தி போகலாம். தலைமுடியைத் தூக்கிக் கட்டுறவங்க மஃப் சரியா ஒட்டுதான்னு கை வெச்சுப் பாருங்க, காதுக்கு மேல முடியோ துப்பட்டாவோ மாட்டுனா பாதி சத்தம் உள்ள வரும்.

ஈயத்தைப் பத்தி யாரும் பொம்பளைங்ககிட்ட எடுத்துச் சொல்றதில்ல. சுட்ட பிறகு கைல, துணில, முடில ஈயத் தூசி இருக்கும். கையைக் கழுவாம சமோசாவோ எதுவோ வாயில வைக்காதீங்க. குளிர்ந்த தண்ணி, சோப்பு, அப்புறம் தான் சாப்பாடு. வீட்டுக்கு வந்ததும் அந்தத் துணியோட குழந்தையைத் தூக்காதீங்க. கர்ப்பமா இருக்கறவங்க, பால் குடுக்கறவங்க டாக்டர்கிட்ட கேக்காம ரேஞ்சுக்குப் போகாதீங்க, ஈயமும் பிரச்சனை, சத்தமும் பிரச்சனை, வயித்துல இருக்கற குழந்தைக்கு மஃப் மாட்ட முடியாது. எங்க கம்பெனில ஒரு பொண்ணு அஞ்சாவது மாசத்துல ரேஞ்ச் டேக்கு வர மாட்டேன்னு சொல்ல தயங்கிட்டு இருந்தா, வேலைல இளக்காரமா நினைப்பாங்களோன்னு. நான் அவளை உள்ள ஹால் வேலைக்கு மாத்திட்டு, நான் போனேன். அடுத்தவ தயங்கறப்ப அவளுக்கு முன்னாடி நம்ம பேசிடணும், அவளா கேக்கட்டும்னு காத்திருக்கக் கூடாது.

2018 ஷோவைப் பத்தி இன்னொண்ணு எழுதாம விட்டா நான் நேர்மையா இல்லன்னு அர்த்தம். அதுக்கு மூணு மாசம் முன்னாடி, 2017 அக்டோபர் 1 ராத்திரி, அதே தெருவுல மாண்டலே பே ஹோட்டல் மாடில இருந்து ஒருத்தன் கச்சேரி கேக்க வந்த கூட்டத்தைச் சுட்டான். அன்னிக்கே 58 பேர், அப்புறம் காயத்தோட செத்தவங்களோட சேத்து 60. ஏர்போர்ட்ல இருந்து வர்ற டாக்சி அந்தக் கட்டடத்தைத் தாண்டித் தான் வரும். டிரைவர் ஒண்ணும் பேசல, நானும் பேசல. ராத்திரி அம்மாவுக்கு போன் பண்ணேன். சொந்தக்காரங்ககிட்ட அம்மா என்னைப் பத்தி ஸ்பிரிங் கம்பெனில வேலைன்னு தான் சொல்லி வெச்சிருந்தாங்க. அன்னிக்கு கேட்டாங்க, “ஏங் கண்ணு, அது ஆளைக் கொல்றதுக்குத் தான?” நான் மழுப்பல. கொல்லும்மா, அதுக்கும் தான் அதுன்னு சொன்னேன். அதனால தான் அதைப் பண்ற இடத்துல, விக்கிற இடத்துல, வீட்டுல பூட்டி வெக்கிற இடத்துல கவனமா இருக்கற ஆளுங்க வேணும்னு சொன்னேன். அம்மா ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல, அப்புறம் சாப்டியான்னு கேட்டாங்க.

எனக்கு அந்தக் கேள்வி அதோட முடியல, 2020, 21ல திரும்ப வந்துச்சு. கொரோனா நேரத்துல அமெரிக்கால ஜனங்க வரிசைல நின்னு துப்பாக்கி வாங்குனாங்க. 2019 ஜனவரில இருந்து 2021 ஏப்ரலுக்குள்ள சுமார் 75 லட்சம் பேர் வாழ்க்கைல முதல் தடவையா துப்பாக்கிக்குச் சொந்தக்காரங்க ஆனாங்க, அதுல கிட்டத்தட்ட பாதி பேர் பொம்பளைங்கன்னு நாடு தழுவிய சர்வே ஒண்ணுல வந்துச்சு. 2022ல ஷோ திரும்ப ஆரம்பிச்சப்ப ஒவ்வொரு பூத்லயும் இதான் பேச்சு. எல்லாரும் புது கஸ்டமர்னு சந்தோஷப்பட்டாங்க. எனக்கு வேற ஒரு நம்பர் மண்டைல ஓடுச்சு. அமெரிக்கால 2021ல துப்பாக்கியால செத்தவங்க 48,830 பேர், அதுல பாதிக்கும் மேல, 26,328 பேர், தானே தன் உயிரை எடுத்துக்கிட்டவங்க. இவ்வளவு புது வீடுகளுக்குள்ள துப்பாக்கி போயிருக்கு, அதுல எத்தனை வீட்டுல பூட்டு இருக்கும்னு தான் எனக்குத் தோணுச்சு. ஷோ நடத்தற சங்கமே புராஜெக்ட் சைல்டுசேஃப்னு 1999ல இருந்து கேபிள் லாக், அதாவது துப்பாக்கிக்குள்ள கம்பியை நுழைச்சுப் போடற பூட்டு, இலவசமா குடுக்கறாங்க, 4 கோடிக்கு மேல குடுத்திருக்காங்க, போலீஸ் ஸ்டேஷன்ல நிறைய இடத்துல கேட்டாலே கிடைக்கும். ஆனா டிராயர்ல பூட்டு சும்மா கிடந்தா அதால ஒரு பிரயோஜனமும் இல்லயே. அதனால நாங்க அதுக்கப்புறம் ஷோவுக்குப் போறப்பல்லாம் அதே டேபிள்ல, ஃபோர்ஸ் கேஜுக்குப் பக்கத்துல, கேபிள் லாக் போட்டுப் பூட்டுன ஜிக் ஒண்ணு வெச்சிருக்கோம், கடைக்காரங்க வந்தா எப்படிப் பூட்டறதுன்னு வாங்கறவங்களுக்கு அரை நிமிஷத்துல எப்படி சொல்லிக் குடுக்கலாம்னு காட்டறோம். கடைக்கார பொம்பளைங்க தான் இதுல அதிகமா நின்னு கேக்கறாங்க, ரெண்டு மூணு பேரு தன் வீட்டு கதையையே சொல்லி அழுதிருக்காங்க.

இங்க இருக்கற நம்ம குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. குழந்தை இன்னொரு வீட்டுக்கு விளையாடப் போனா, வேர்க்கடலை அலர்ஜி இருக்குன்னு கூச்சப்படாம சொல்றோம்ல, அதே மாதிரி “உங்க வீட்டுல துப்பாக்கி இருக்கா, பூட்டி வெச்சிருக்கீங்களா”ன்னு கேளுங்க. தமிழ் வீடுன்னாலும் கேளுங்க, இப்ப நம்மவங்களும் நிறைய பேர் வாங்கியிருக்காங்க. நான் கேட்ட ஒரு வீட்டுல முகம் மாறுச்சு, ஆனா அடுத்த வாரம் அவரே போன் பண்ணி சேஃப் எது வாங்கலாம்னு கேட்டார். வீட்டுல யாராவது மனசு சரியில்லாம இருந்தா அந்த சமயத்துல துப்பாக்கி வீட்டை விட்டே வெளிய இருக்கட்டும், பூட்டு கூட அப்ப பத்தாது.

பூத்ல நிக்கறதுக்கு நான் கத்துக்கிட்டது கொஞ்சம். பேட்ஜ்ல பேருக்குக் கீழ பதவி வரும், அதுல “சேல்ஸ்”னு யாராவது அவசரத்துல போட்டு விட்டா உடனே மாத்தச் சொல்லுங்க, என்னோடதுல ரெண்டு வருஷம் அப்படித்தான் இருந்துச்சு. கைல எப்பவும் ஒரு பார்ட் வெச்சிருங்க, சும்மா சிரிச்சிட்டு நின்னா ரிசப்ஷன்னு நினைப்பாங்க, கைல காலிப்பரும் ஸ்பிரிங்கும் இருந்தா பேச்சே வேற மாதிரி ஆரம்பிக்கும். கேள்வி கேக்கறவர் உங்களைத் தாண்டி பக்கத்துல நிக்கற ஆம்பளையப் பாத்துக் கேட்டா அந்த ஆள் பதில் சொல்லக் கூடாது, உங்க பக்கம் திருப்பி விடணும், இதை ஷோவுக்கு முன்னாடியே டீம்ல பேசி வெச்சுக்கணும், அங்க போய் முறைச்சுட்டு நிக்கறதுல பிரயோஜனம் இல்ல. ராத்திரி டின்னர், பார்னு கூப்பிடுவாங்க, ஆர்டர் பாதி அங்க தான் முடியும், நான் குடிக்க மாட்டேன், அதுக்காகப் போகாம இருந்த ரெண்டு வருஷம் என்னை விட்டுட்டு பேசி முடிச்சிட்டாங்க. இப்ப காலைல ஏழு மணிக்கு பிரேக்ஃபாஸ்ட் மீட்டிங் நானே வைக்கிறேன், வர்றவங்க வர்றாங்க, தெளிவா பேசறாங்க. ஒரு தடவை ஒரு பெரிய வாங்கற பார்ட்டி கூட்டத்துல வெச்சு என் இடுப்புல கை போட்டார். நான் சத்தமா, எல்லாருக்கும் கேக்கற மாதிரி, கையை எடுங்கன்னேன். எடுத்துட்டார். அந்த ஆர்டர் எங்களுக்கு வரல, ஓனர் ஒரு வார்த்தை என்னைக் கேக்கல. எல்லாருக்கும் அப்படி ஓனர் அமைய மாட்டாருன்னு தெரியும், அதனால தான் தனியா போகாதீங்க, முதல் நாளே வேற கம்பெனி பொண்ணுங்க நாலு பேரோட நம்பர் வாங்கி ஒரு குரூப் போட்டுக்கோங்க. எங்க குரூப்ல முதல் வருஷம் மூணு பேரு. இப்ப அறுபதைத் தாண்டிருச்சு, அதுல மெஷினிஸ்ட் இருக்காங்க, கடைக்காரங்க, ரேஞ்ச்ல சொல்லிக் குடுக்கறவங்க, பர்ச்சேஸ் மேனேஜர்ஸ், ஒரு பாலிஸ்டிக்ஸ் லேப்காரங்க. 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல நம்ம ஊர் மனு பாக்கர் துப்பாக்கி சுடற போட்டில ரெண்டு பிரான்ஸ் வாங்குனப்ப, நான் சொல்றதுக்கு முன்னாடியே குரூப்ல இருக்கறவங்க எனக்கு வாழ்த்து அனுப்பியிருந்தாங்க. அம்மாவுக்கு இப்ப இந்தியாவுக்காக ரைஃபிள் சுடற இளவேனில் வாலறிவன் பேரு தெரியும், கடலூர் பொண்ணாமேன்னு கேட்டாங்க, ஆமாம்மா, பொறந்தது கடலூர், வளந்தது அகமதாபாத்னு சொன்னேன்.

இந்த 2025 ஷோ முடிஞ்சு வந்து ரெண்டு வாரம் இருக்கும், 2018ல “யாரும் கேட்டதில்ல”ன்னு சொன்னாரே அதே கஸ்டமர் கம்பெனில இருந்து ஒரு புது பிஸ்டலுக்கான டிராயிங் வந்துச்சு. வழக்கம் போல கம்பி விட்டம், நீளம், எல்லாம் பாத்துட்டே கீழ வந்தா நோட்ஸ்ல ஒரு புது வரி, ஸ்லைடு இழுக்கற விசை 14 பவுண்டு, பிளஸ் ஆர் மைனஸ் ஒண்ணரை. டிசைன் பண்ணவங்க பேரைப் பாத்தேன், ஒரு பொண்ணு. மூணு வருஷம் முன்னாடி காலேஜ் முடிச்ச கையோட எங்க டேபிளுக்கு வந்து, ஜிக்கை இழுத்துட்டு, என் நோட்டைப் பக்கம் பக்கமா போட்டோ எடுத்துட்டுப் போனவ.

அப்பாவுக்கு போன் பண்ணி சொன்னேன். பட்டறையை மூடி ஆறு வருஷம் ஆச்சு, இப்பவும் லேத் பேச்சுன்னா குரலே மாறிடும். முழுசா கேட்டுட்டு, “டாலரன்ஸ் எவ்வளவு அம்மிணி”ன்னார். ஒண்ணரை பவுண்டுப்பான்னேன். “ஜாஸ்தி. ஒண்ணுக்குக் கொண்டு வரலாம் பாரு, கம்பியை நீயே நின்னு செக் பண்ணி வாங்கு”ன்னார். திங்கக்கிழமை கம்பி சப்ளையர்கிட்ட பேசறேன்.